நாலாவது ஆள்

அத்தியாயம் 14

சும்மா உட்கார்ந்திருந்த ஒருவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஜாவித் டீ குடிக்கப் போனான்.

பதற வேண்டாம். தீர்ந்துபோனது ஒரு புரோகிராம். சம்பவம் நடந்த இடம் உடுமலைப்பேட்டை. செய்தவன் உட்கார்ந்திருந்தது போத்தனூரில், தன் வீட்டு முன்னறையில், கட்டம் போட்ட கைலியோடு. ஆயுதம் ஒரு கீபோர்டு. நேரம் காலை பத்தே கால். தடயத்தை மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தான் செய்தது நல்ல காரியம் என்று நம்பினான். அவன் செய்த பெரிய தப்புகள் எல்லாமே நல்ல காரியமாகத்தான் தொடங்கியிருக்கின்றன.

போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டு வரும்போது, ஜாவித்தின் தங்கை ரம்ஷா மாடிப்படியில் கையில் செல்போனோடு நின்றிருந்தாள். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் எழுதி அனுப்ப வேண்டும்.

அண்ணனும் தங்கையுமாக நடத்துவது இரண்டே ஆள் உள்ள கம்பெனி. பவானியில் ஒரு ஜமக்காளக் கடை, இங்கே ஒரு கல்யாண மண்டபம், உடுமலையில் ஒரு கொப்பரை ஏல மண்டி என்று பதினோரு இடத்துச் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே கண்காணிப்பார்கள். அங்கே ஓட வேண்டிய புரோகிராம்கள் ஓடுகின்றனவா, நின்றுபோனால் ஏன் நின்றன என்று பார்ப்பது வேலை. அந்த வேலையை ரம்ஷா பார்ப்பாள். வாடிக்கையாளர்களோடு ஜாவித் பேசுவான். இப்படி ஒரு பாகப்பிரிவினை எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆனால் ஆறு வருடமாக யாரும் அதை மீறியதில்லை.

இன்று காலை ஜாவித் மீறினான்.

"இன்னைக்கு நீ கீழயே வராத அம்மணி," என்று எட்டு மணிக்கே சொல்லிவிட்டான். "மாடியில உக்காந்து நிம்மதியா யோசி. பதினோரு சர்வரையும் நான் ஒருத்தனே பாத்துக்கறேன்."

"ஒருத்தராவா?" என்றாள் ரம்ஷா.

"ஏன், நான் ஒருத்தன் ஆள் இல்லையா?"

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

அவன் மனசில் என்ன இருந்தது என்பதை நாமாவது தெரிந்துகொள்வோம். தன்னை நினைத்துப் பரிதாபப்பட்டு அவள் போகாமல் இருந்துவிடக் கூடாது. இருபத்தாறு வயதில் வருகிற வாய்ப்பு, அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் வராது என்பதால் நழுவியது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. ஆகவே, அவள் இல்லாமல் ஒரு நாளை ஒழுங்காக ஓட்டிக் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்து அவள் கவலையில்லாமல் கிளம்பலாம். அதே மனசின் இன்னொரு மூலையில், அவள் கிளம்பாமல் இருந்தால் நன்றியாக இரண்டு ரக்அத் தொழுதுவிடலாம் என்றும் இருந்தது. அந்த மூலைக்கு அவன் விளக்குப் போடவில்லை.

நாஷ்டாவின்போது அம்மா ஆமினா பீவியிடம் கேட்டான். பெங்களூர் சமாசாரம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதனால் கேள்வியைப் பொதுவாக வைத்தான்.

"ஏம்மா, கம்பெனியை நான் தனியா ஓட்டிருவனா?"

"இடியாப்பம் ஆறிப்போவுது கண்ணு, சாப்புடு," என்றார் அம்மா.

மனைவி ஹிபாவிடம் கேட்டான். "பாத்துக்கலாமுங்க," என்றாள் அவள். எங்கள் பக்கத்தில் 'பாத்துக்கலாமுங்க' என்பது எல்லா அளவுக்கும் பொருந்துகிற சட்டை. முடியும் என்பவரும் அதைத்தான் போட்டுக்கொள்வார், முடியாது என்பவரும் அதைத்தான்.

சரி, அந்தச் சம்பவத்துக்கு வருவோம்.

உடுமலை மண்டியின் சர்வரில் மூன்று புரோகிராம்கள் ஓடுகின்றன. மூன்றின் பெயரும் 'ஏலம்' என்றுதான் ஆரம்பிக்கும். முதல் ஆள், வியாபாரிகள் செல்போனில் போடும் விலையை வாங்குகிறவன். இரண்டாம் ஆள், அந்த விலையை மண்டிச் சுவரில் இருக்கும் திரையில் காட்டுகிறவன். மூன்றாம் ஆள், பதினோரு மணிக்கு ஏலம் முடிந்ததும் இன்ன விலை கிடைத்தது என்று ஒவ்வொரு விவசாயிக்கும் மெசேஜ் அனுப்புகிறவன். இந்த மூவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று போத்தனூரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க ரம்ஷா ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். மூன்று என்று வந்தால் பச்சை விளக்கு. கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு.

அவள் எழுதியது பதினேழு வரி. ஒவ்வொரு ஆளையும் முழுப் பெயர் சொல்லி, தனித்தனியாகக் கூப்பிட்டு எண்ணும்.

இவ்வளவு எதற்கு என்று ஜாவித்துக்குத் தோன்றியது. மூன்று பேருக்கும் முதல் பாதி ஒரே பெயர்தானே. இருக்கிற அத்தனை பேரையும் வரிசையாக எழுது, 'ஏலம்' என்ற வார்த்தை உள்ள வரிகளை மட்டும் எடு, எத்தனை என்று சொல். ஒரே வரியில் முடிந்தது. ஒன்பதே முக்காலுக்கு அதை ஏற்றிவிட்டு, இதை மாலையில் ரம்ஷாவிடம் எப்படிப் பணிவாகச் சொல்வது என்று இரண்டு விதமாக ஒத்திகை பார்த்தான்.

ஒத்திகை முடிந்து பத்து மணிக்குத் திரையைப் பார்த்தால், உடுமலையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை: நான்கு.

ஒரு ஆள் கூடுதல். விலை வாங்குகிற ஆளே இரட்டையாகி, ஒவ்வொரு விலையையும் இரண்டு தடவை வாங்கிவிட்டால் ஏலமே நாறிவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான். கறுப்புத் திரையைத் திறந்து பட்டியலைப் பார்த்தான். நான்கு வரி. கடைசி வரி வாலாக நீண்டு, ஏதோ கிறுக்கலாக இருந்தது. அதன் எண்ணைப் போட்டு நிறுத்தச் சொன்னான். அப்படி ஒருவன் இல்லையே என்று பதில் வந்தது. மறுபடி எண்ணினான். நான்கு.

சாகவும் மாட்டான், போகவும் மாட்டான் என்றால் வேறு எவனோதான் போலி என்று ஜாவித் முடிவுகட்டினான். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தான். இரண்டு பேர் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் காலையிலிருந்து ஒரு துரும்பையும் அசைக்காமல் குந்தியிருந்தான். வேலை சைபர்.

கிடைத்தான்டா திருடன் என்று அவனை நிறுத்தினான். எண்ணிக்கை மூன்று. பச்சை விளக்கு.

அந்த டீ அவனுக்கு அவ்வளவு ருசித்தது.

*

பதினொன்று இருபதுக்கு அங்கப்பன் போன் செய்தார். உடுமலை மண்டியின் சொந்தக்காரர். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும்.

"ஏனுங்க தம்பி, நல்லாருக்கறீங்களா?"

"நல்லாருக்கேனுங்க."

"டீ காப்பி ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"அங்க மழை கிழை உண்டுங்களா?"

மூன்றாவது கேள்வியிலேயே ஜாவித் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மழை வரைக்கும் வந்துவிட்டார் என்றால் விஷயம் பெரிது.

"சொல்லுங்கண்ணா, என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணுமில்லைங்க. ஏலம் பதினொண்ணுக்கே முடிஞ்சுபோச்சு. மெசேஜ்தான் யாருக்கும் வரலீங்க. நாப்பத்து மூணு பேரு. இங்க ராசம்மாள்னு ஒரு அம்மா, காத்தாலயே வந்து உக்காந்திருக்குது. அமராவதிப் பக்கம் குத்தகைக்குத் தோப்பு பாக்குது. போனைக் கையில புடிச்சுட்டு என்னையவே பாக்குதுங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

அந்த மண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. மெசேஜில் வந்த விலை பிடிக்காவிட்டால் விவசாயி பன்னிரண்டு மணிக்குள் 'வேண்டாம்' என்று பதில் போடலாம். கொப்பரை அடுத்த வார ஏலத்துக்குப் போகும். பன்னிரண்டுக்கு அங்கப்பன் வெண்கல மணியை அடிப்பார். மணி அடித்த பிறகும் பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள். இப்போது நாற்பத்து மூன்று பேரும் விலையே தெரியாமல் பேசாமல் இருந்துகொண்டிருந்தார்கள்.

ஜாவித் திரையைப் பார்த்தான். பச்சை.

"இங்க எல்லாம் சரியா ஓடுதுங்கண்ணா. மூணும் இருக்குது. டவர் கோளாறா இருக்குமோ?"

"என்ர போனுக்கும் ஒரு நகல் வருமுங்களே. அதுக்கும் வரலீங்க. நாலு கோடும் நிக்குது."

"சர்வர் பக்கத்துல ஒரு திரை இருக்குமுங்க, ரம்ஷா வெச்சது. அதுல ஏலம்னு ஆரம்பிக்கற வரி எத்தனை இருக்குது, பாருங்க."

"ரெண்டு."

"நல்லா எண்ணிப் பாருங்கண்ணா."

"ஒண்ணு. ரெண்டு." அதோடு எண்ணி முடித்தார். "ரெண்டு வரைக்கும் எனக்கு வருமுங்க தம்பி."

அங்கே இருப்பவர் கண்ணால் பார்த்து இரண்டு என்கிறார். இங்கிருந்து எண்ணினால் மூன்று. ஜாவித் மேலே மாடியைப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. பதினாலு படி ஏறினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதோடு இன்றைய நாளும் முடிந்துவிடும். 'நான் இல்லாட்டி அண்ணன் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்க மாட்டாரு' என்று அவள் பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தை மூடி வைத்துவிடுவாள்.

"பத்து நிமிஷத்துல கூப்பிடறேனுங்க," என்றான்.

"வெசனப்படாம செய்யுங்க," என்றார் அங்கப்பன். அவர் அப்படிச் சொன்னதில் இவனுக்கு வெசனம் இரட்டிப்பானது.

*

எண்ணாமல், அந்த மூன்று வரிகளையும் அப்படியே காட்டச் சொன்னான். முதல் வரி விலை வாங்குகிறவன். இரண்டாம் வரி திரையில் காட்டுகிறவன். மூன்றாவது அந்த நீள வால் கிறுக்கல். அதன் எண் 20418.

மறுபடி காட்டச் சொன்னான். முதல் இரண்டு பேரும் அதே எண்களோடு அங்கேயே இருந்தார்கள். மூன்றாவதன் எண் 20431.

இன்னொரு தடவை. 20447.

கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒருவன் பிறந்து, பதில் சொன்ன கையோடு செத்துக்கொண்டிருந்தான். காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஓதும் ஆயத்துல் குர்ஸி எழுதிய, மடிப்புக் கலையாத தாள் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்து சர்வர் பக்கம் காட்டலாமா என்றுகூட ஜாவித் ஒரு கணம் யோசித்தான். சர்வர் உடுமலையில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஹிபா உள்ளே வந்தாள். ஹிபாவின் அப்பா ரசாக், அவளுக்கு அத்தா, கோட்டைமேட்டில் கல்யாணச் சமையல்காரர், பிரியாணியில் பெயர் எடுத்தவர். அவருக்கு வரும் ஆர்டர்களை வீட்டிலிருந்து போனில் பேசி முடிப்பது ஹிபா. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் ஒன்றுக்கு எத்தனை பந்தி என்று அப்போதுதான் பேசி முடித்திருந்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி வேர்த்துக் கெடக்குது?"

"ஒரு ஆள் கூடுதலா வருது ஹிபா. அங்க நெசமா இருக்கறது ரெண்டு. நம்ம எண்ணுனா மூணு."

"காலையில?"

"காலையில நாலு வந்துச்சு. ஒருத்தன நிறுத்திப்போட்டேன்."

"அப்ப நெசமா இருந்தது மூணு. நீங்க நிறுத்துனது நல்ல ஆளை."

கணக்கில் அவள் எப்போதும் ஒரு படி முன்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து அவனைப் பார்ப்பாள்.

"அது இருக்கட்டும். எண்றது யாருங்க?" என்றாள்.

"யாருன்னா? நம்ம புரோகிராம்தான்."

"இங்க இருந்துட்டேவா எண்ணுது?"

"இங்க இருந்து எப்படித் தெரியும். உடுமலை சர்வருக்குள்ள போயி, அங்க நின்னு எண்ணிட்டு, நம்மகிட்ட வந்து சொல்லும்."

"அங்க போயி நிக்கற நேரத்துக்கு அதுவும் அங்க ஒரு ஆளுதானுங்களே."

ஜாவித் அவளைப் பார்த்தான்.

"எங்கத்தா முன்னெல்லாம் பந்தியில தலை எண்றதுக்கு ஒரு மாமாவை அனுப்புவாருங்க. அந்த மாமாவுக்கு நின்னுட்டு எண்ணினா முட்டி வலிக்கும். அதனால பந்தியிலயே ஒரு ஓரமா உக்காந்து எண்ணுவாரு. எந்தக் கல்யாணம்னாலும் ஒண்ணு கூடுதலா வரும். மூணு வருஷம் கழிச்சுத்தான் அத்தாவுக்குத் தெரிஞ்சுது. அதுவும் அந்த மாமா எண்ண எண்ண ஒரு எலையில பிரியாணியும் வாங்கிப்போட்டாராம், அதனால தெரிஞ்சுது."

"ஆனா நான் எல்லாரையும் எண்ணலியே ஹிபா. பேருல ஏலம்னு இருக்கறவங்களை மட்டுந்தான் எண்ணச் சொன்னேன்."

"அந்த மூணாவது வரியில என்ன எழுதியிருக்குது, படிங்க."

கிறுக்கல் என்று இரண்டு மணி நேரமாக ஒதுக்கிவைத்ததை ஜாவித் முதல் தடவையாக எழுத்துக் கூட்டிப் படித்தான். 'எல்லாரையும் வரிசையாக எழுது, ஏலம் என்று இருப்பதை எடு, எண்ணு.'

அவனே எழுதிய அந்த ஒரே வரி.

ஏலம் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே போனவன் கையில் பிடித்திருந்த சீட்டிலும் ஏலம் என்று எழுதியிருந்தது. அதனால் அவன் தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டு, கூசாமல் வந்து மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரம்ஷாவின் பதினேழு வரி இதைத்தான் தவிர்த்தது. முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எண்ணப் போனவன் கையைத் தூக்க முடியாது.

"வேலை செய்யறவங்களை எண்றதுக்குப் போயி, தானும் வேலை செய்யறதா நெனைச்சுக்கிட்டான்," என்றான் ஜாவித் மெதுவாக.

"ஆமாங்க," என்றாள் ஹிபா. அவள் முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஆறு வருடக் கம்பெனி வரலாறு முழுக்க அந்த முகத்தில் ஓடுவதாக ஜாவித்துக்குப் பட்டது.

துரும்பை அசைக்காமல் குந்தியிருந்த அந்த மூன்றாம் ஆள் யார் என்று இப்போது தெரிந்தது. பதினோரு மணிக்குத்தான் அவனுக்கு வேலை. அதுவரை காத்திருப்பதுதான் அவன் வேலை. தானாக மயங்கி விழுந்திருந்தால் சர்வரே அவனைத் தட்டி எழுப்பியிருக்கும். முறையாக நிறுத்தச் சொன்னதால், உடுமலைக்காரன் ஆயிற்றே, மரியாதையாகப் படுத்துவிட்டான்.

பதினொன்று ஐம்பதுக்கு ஜாவித் அவனை எழுப்பினான். அவன் எழுந்ததும் முடங்கிக் கிடந்த நாற்பத்து மூன்று மெசேஜும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. விளக்கு உடனே சிவப்பானது. எண்ணிக்கை நான்கு. இந்தத் தடவை அந்தச் சிவப்பைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் அரை நிமிடம். மணி அடிக்க இன்னும் ஒன்பது நிமிடந்தான். அதற்குள் நாற்பத்து மூன்று பேரும் மெசேஜைப் பார்த்து, வீட்டில் கலந்து பேசி, பதில் போட்டாக வேண்டும். அங்கப்பன் அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு நாள்கூட மணியைத் தள்ளிப்போட்டதில்லை. ஜாவித் அவரைக் கூப்பிட்டான். கெஞ்சுவதற்கு வேண்டிய வார்த்தைகளை எல்லாம் வாய்க்குள் அடுக்கிவைத்திருந்தான்.

"அண்ணா, தப்பு என்னுதுதானுங்க. நான்தான் மெசேஜ் அனுப்பற புரோகிராமைத் தெரியாம நிறுத்திப்போட்டேன். இப்ப ஏத்தியாச்சு. அந்த மணியை மட்டும் ஒரு அரை மணி நேரம்..."

"அது அப்பவே பேசியாச்சுங்க."

"யாருகூடங்க?"

"நம்ம அம்மணிதான். பதினொண்ணரைக்கே போன் பண்ணுச்சுங்களே. பன்னெண்டரை வரைக்கும் மணியைத் தொடாதீங்கண்ணா, அண்ணன் கண்டுபிடிச்சிருவாருன்னு சொல்லுச்சு. அதுக்காச்சும் நான் சரின்னிருப்பேன், அதுக்குள்ள இந்த ராசம்மாள் எந்திரிச்சுப் போயி மணிக்கடியில நின்னுபோட்டுது. மணி நாக்கைக் கையில புடிச்சுட்டு நிக்குது. மெசேஜ் வராம அடிக்க உடமாட்டேங்குது. நானென்ன பண்றது, பொம்பளைகிட்ட மல்லுக்கட்ட முடியுங்களா?"

பின்னால் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது. போன் கை மாறியது.

"கண்ணு, நாந்தான் ராசம்மாள் பேசறேன். உங்க மெசேஜ் வந்துருச்சு."

"மன்னிச்சுக்கோங்கம்மா. ரொம்ப நேரமாயிடுச்சு."

"அதெல்லாம் கெடக்குது. வெலை கேவலமா இருக்குது. வேண்டாம்னு போட்டுட்டேன். போச்சுங்களா, இல்லை இன்னொருக்காப் போடட்டுமா?"

ஜாவித் திரையில் பார்த்தான். வந்திருந்தது. ராசம்மாள், வேண்டாம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர், வேண்டாம், வேண்டாம். அப்புறம் ஒருவர், சரி.

"போயிருச்சுங்கம்மா. உங்க கொப்பரை அடுத்த வாரத்துக்குத்தான்."

"அப்பறம் சரி. கை வலிக்குது, மணியை உட்டர்றேன்."

போன் மறுபடி அங்கப்பனிடம் வந்தது. ஜாவித் இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டான்.

"அண்ணா, ஒளிக்காம சொல்லுங்க. ரம்ஷா ஒருவேளை வேற வேலைக்குப் போயிட்டா, நான் தனியாப் பாத்துக்கிட்டா உங்களுக்குச் சம்மதங்களா?"

அந்தப் பக்கம் அங்கப்பன் யாரையோ கொப்பரை மூட்டையை ஓரமாக இழுக்கச் சொன்னார்.

"நீங்க நல்ல மனுஷனுங்க தம்பி," என்றார் அங்கப்பன். "ஊட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

*

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரம்ஷா கீழே வரவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஜாவித் தன் ஒரே வரியை அழித்துவிட்டு, அந்தப் பதினேழு வரிகளை இருந்த இடத்தில் திருப்பி வைத்தான். மூன்று. பச்சை. இந்தத் தடவை பச்சையை நம்பாமல் அங்கப்பனைக் கூப்பிட்டு, சர்வர் பக்கத்துத் திரையைப் பார்க்கச் சொல்லி எண்ண வைத்தான். "மூணு வரைக்கும் வந்துட்டேனுங்க," என்றார் அவர்.

மூன்று மணிக்கு ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். கதவைத் தட்டினான்.

ரம்ஷா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அதில் உடுமலை சர்வரின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. மூடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"தலைவலி எப்படியிருக்குது?"

"இப்பத்தான் இறங்கிட்டு வருது. பதினேழு வரியையும் திருப்பி வெச்சுட்டீங்கல்ல, அதுல இருந்து."

ஜாவித் தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து பாத்துட்டிருக்க?"

"பத்தே காலுக்கு நீங்க அந்தப் பையனை நிறுத்துனீங்களே, அப்ப இருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி."

"கீழயே வராதன்னு சொன்னது யாருங்க?" தட்டை இழுத்து மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "மணி அடிக்கறதுக்குள்ள நீங்க கண்டுபிடிக்கலைன்னா நானே ஏத்தி விட்டிருப்பேண்ணா. விரலை மேலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நாப்பத்து மூணு பேரை உங்களுக்குப் பரீட்சை வைக்கறதுக்காக உட்டுர முடியுமா?"

"கண்டுபிடிச்சது நான்கூட இல்லை. ஹிபாதான்."

"தெரியும். கீழ பேசறது மாடிக்கு நல்லாக் கேக்கும். அந்தப் பந்தி மாமா கதையில வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சேன்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். முள்ளை ஒதுக்கி மீனை உதிர்த்தாள். ஜன்னலுக்கு அப்பால் பாலக்காட்டுப் பக்கம் போகிற வண்டி ஒன்று போத்தனூர் ஜங்ஷனுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் நின்று, விசிலடித்துக்கொண்டிருந்தது.

ஜாவித் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே கால். ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்தது நிறைய. பெங்களூர் நல்ல ஊர், சம்பளம் நல்ல சம்பளம், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒன்றையும் நேராகச் சொல்ல வரவில்லை.

"அம்மாகிட்ட கேட்டேன், இடியாப்பம் ஆறுதுன்னாங்க. ஹிபாகிட்ட கேட்டேன், பாத்துக்கலாம்னா. அங்கப்பன்கிட்ட கேட்டேன், நான் நல்ல மனுஷனாம்."

"அது நெசந்தானே."

"நீயும் ஆரம்பிச்சுராத. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சுத்தி வளைக்காம பதில் சொல்லிரு ரம்ஷா. நான் வருத்தப்பட மாட்டேன்."

"கேளுங்க."

"நீ இல்லாம இந்தக் கம்பெனியை நான் தனியாச் சமாளிச்சுருவனா?"

ரம்ஷா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாட்டீங்க."

அவன் தலையை ஆட்டினான். எழுந்திருக்கப் போனான்.

"உக்காருங்க, இன்னும் முடிக்கல. மாட்டீங்க, ஆனா நான் போறேண்ணா. வர்றேன்னு எழுதி அனுப்பிட்டேன். இன்னைக்குக் காலையில ஒம்பதரைக்கு, என்னோட பதினேழு வரியில நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடியே. ஒண்ணாந் தேதி அங்க இருக்கோணும். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லப் போறீங்க."